இரட்டையில் ஒன்று

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். கொலை நடந்தப்புறம் கொலைகாரனைத் தேடுறதுதானே வழக்கம்? நாம என்னடான்னா, பாதிக்கப்பட்டவங்க எதிர்லயே நின்னு வாலாட்டிக்கிட்டு இருக்கும்போதே தேட ஆரம்பிச்சுட்டோம்."

சோடா இதைக் கேட்டபோது அவனுடைய வலது கால் ரப்பர் பூட்ஸுக்குள் பாதி வழியில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆராய்ச்சி நிலையத்தில் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் ஒரே அளவு பூட்ஸ்தான் வைத்திருந்தார்கள்.

"கால் உள்ளே போற வரைக்கும் வாய் வெளியே வர வேண்டாம்," என்றார் மேடம்.

மூக்குக் கண்ணாடியின் தடிமனால் தனக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததாக அவன் சொல்லிக்கொள்வான். திறந்தால் பொங்கி வழிவதால் வந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். மேடமோ அளந்து பேசுகிறவர். மேலதிகாரியோடு சண்டை போட்டு, தொப்பியைக் கழற்றி அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு போலீஸ் வேலையிலிருந்து வந்தவர். துப்பறியும் ஆபீஸ் திறந்த நாளிலிருந்து சோடாதான் அவருக்கு உதவியாளர், டிரைவர், தலைவலி எல்லாம்.

வாசலில் ஒரு தட்டு நிறைய மருந்துத் தண்ணீர். அதில் பூட்ஸை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தலைக்கு மேலே நிலையத்தின் பெயர்ப்பலகை. இடது பக்கம் ஒரு பசு, வலது பக்கம் ஒரு மனிதன், நடுவில் பசுவிடமிருந்து மனிதனைப் பார்த்து ஒரு சிவப்பு அம்புக்குறி. கால்நடைகளிடமிருந்து மனிதர்களுக்கு எந்தெந்த நோய் எப்படித் தாவுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே இருப்பவர்களுக்குக் காலையிலிருந்து மாலை வரை வேலை.

"ஒன்வே போல," என்றான் சோடா, பலகையை அண்ணாந்து பார்த்து. "எதிர்ப்பக்கம் வந்தா ஃபைன் போடுவாங்களா?"

மேடம் கண்டுகொள்ளவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளாக அவன் ஜோக் அடிப்பதெல்லாம் பயத்தை அமுக்கத்தான். ஏனென்றால் இந்த வழக்கைக் கொண்டுவந்தவர் அவனுடைய அக்கா புருஷன்.

ஊரே அவரைக் கைராசி என்றுதான் கூப்பிடும். மாடு பிரசவத்தில் திணறினால் டாக்டருக்குப் போன் போவதற்கு முன்னால் அவருக்குத்தான் போன் போகும். ஊரில் பாதிக் கன்றுகள் அவர் கையில் பிறந்தவை. இப்போது ஐந்து கொட்டகைகளில் ஐந்து கன்றுகளுக்குக் காசநோய் என்று ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்திருந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்துவிட்டது. நோய் எங்கிருந்து வந்தது என்று நாளை மாலைக்குள் தெரியாவிட்டால், அந்த ஐந்து கொட்டகைகளிலும் இருக்கிற அத்தனை மாடுகளையும் அழித்துவிட வேண்டும். லாரிக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது.

மேடத்தின் ஆபீஸில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, துண்டைக் கசக்கிக்கொண்டே அவர் சொன்னது சோடாவின் காதிலேயே நின்றது. "நான் வெளியே எடுத்த உசுருங்க மேடம். எவனோ வேணும்னே பண்றான். யாரா இருந்தாலும் விடாதீங்க. எனக்குச் சொந்தக்காரனா இருந்தாலும் விடாதீங்க. மாடுங்க பொழைச்சா போதும்." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாமா, உங்க இருமலுக்குத் தனி நாற்காலி போடட்டுமா?" என்று சோடா கேட்டான்.

"வைக்கோல் தூசுடா. வயித்தெரிச்சலைக் கிளப்பாதே," என்றார் மாமா.

அவருக்குச் சந்தேகம் ஒரே ஆள் மேல்தான். கன்றுகளுக்குப் பால்பொடி விற்கிற வியாபாரி. மேடமும் மூன்று நாளாக அந்தப் பொடியின் பின்னால்தான் அலைந்தார். இன்றைக்கு முடிவு சொல்வதாக ஆராய்ச்சி டாக்டரம்மா வரச் சொல்லியிருந்தார்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். தூக்கம் இல்லாத முகம். "பொடி சுத்தம் மேடம். மூட்டைக்கு மூட்டை பார்த்தாச்சு. ஒண்ணுமே இல்லை."

"போச்சுடா," என்றான் சோடா. "அந்த ஆளை முறைச்சதுக்கு நான் போய் மன்னிப்பு வேற கேக்கணும்."

"தண்ணி?" என்றார் மேடம்.

"ஒவ்வொரு கொட்டகைக்கும் வேற தண்ணி. தீவனம் வேற. மாடுங்க ஒண்ணையொண்ணு பார்த்ததுகூட இல்லை. இதுல தலையைப் பிச்சுக்கற விஷயம் என்னன்னா, தாய்ப் பசுக்கள் ஒண்ணுக்கும் நோய் இல்லை. கன்னுங்களுக்கு மட்டும்தான்." டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. "எனக்கும் அந்த லாரிங்க வர்றதைப் பார்க்க இஷ்டமில்லை. ஆனா எங்கேருந்து வந்ததுன்னு தெரியாம எப்படி விடச் சொல்றது? நாளைக்கு அந்தப் பாலைக் குடிக்கிற குழந்தைக்கு வந்தா?"

மேடம் சுவரில் இருந்த படங்களுக்கு முன்னால் போய் நின்றார். நோய் பிடித்த கன்றுகளின் போட்டோக்கள். ஒன்றில் மட்டும் இரண்டு கன்றுகள் ஒட்டி நின்றன.

"இதுல எதுக்கு நோய்?"

"இடது பக்கம் இருக்கறதுக்கு. அது ரெண்டும் இரட்டை."

"வலது பக்கத்துக்கு?"

"இல்லை."

"ஒரே தாய், ஒரே பால், ஒரே கொட்டகை. அப்புறம் ஏன் ஒண்ணுக்கு மட்டும்?"

டாக்டரம்மா தோளைக் குலுக்கினார். "அதிர்ஷ்டம்தான் மேடம்."

"அதிர்ஷ்டத்தை நான் சாட்சிக் கூண்டுல ஏத்தறதில்லை," என்றார் மேடம். "சோடா, வண்டியை எடு."

*

காரில் ஏறியதும் சோடாவின் போன் அடித்தது. அக்கா.

"டேய், குட்டிக்கு மறுபடியும் உடம்பு சுடுது. பல்லு முளைக்கறதுக்கு இந்தப் பாடா? போன தடவை வாங்கினியே, அந்தக் காய்ச்சல் மருந்து, வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா. மறந்துட்டு வந்து பல்லைக் காட்டாதே."

வழியில் நிறுத்தி வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "குட்டிக்கு முதல் பிறந்தநாள் வரப் போகுது மேடம், இன்னும் பூனைக்குட்டி கனம்தான் இருக்கா. ஆனா அதிகாரம் மட்டும் உங்களை மாதிரி. இந்தக் காரோட பின் சீட்ல பொறந்தவளாச்சே."

"சீட் கவர் மாத்தினது எனக்கு மறக்கலை," என்றார் மேடம். ஆனாலும் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அவர் கெடுபிடியெல்லாம் குழந்தைகள் விஷயத்தில் செல்லாது.

இரட்டைக் கன்றுகளின் சொந்தக்காரி கொட்டகை வாசலிலேயே மறித்தாள். கையில் கழுவுகிற குழாய், அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. ஆள் நல்ல வாட்டசாட்டம்.

"லாரிக்காரங்களா?"

"நாங்க லாரியை நிறுத்த வந்தவங்கம்மா," என்றான் சோடா, இரண்டடி பின்வாங்கி. "முதல்ல நீங்க அந்தக் குழாயை நிறுத்துங்க."

உள்ளே இரண்டு கன்றுகளையும் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தாள். ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. இன்னொன்று விலா எலும்பு தெரிய, தலையைத் தொங்கப் போட்டு நின்றது. அவ்வப்போது சின்னதாக இருமியது. எங்கேயோ கேட்ட இருமல் மாதிரி சோடாவுக்குத் தோன்றியது. எங்கே என்று யோசிப்பதற்குள் துள்ளுகிற கன்று அவன் சட்டை நுனியைக் கவ்விவிட்டது.

மேடம் கேள்விகளை அடுக்கினார். பால்? ரெண்டும் ஒரே மடிதான். வாளி? ஒரே வாளி. ஊசி? ஒரே நாள்ல ஒரே டாக்டர் போட்டது. படுக்கறது? ஒண்ணு மேல ஒண்ணுதான் படுக்கும், பிரிச்சதுலேருந்து ராத்திரியெல்லாம் கத்துதுங்க.

"ஒண்ணுக்குக் கிடைச்சு இன்னொண்ணுக்குக் கிடைக்காதது எதுவுமே இல்லையா?"

"நான் என்ன ஓரவஞ்சனையா பண்றேன்? ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்."

"உங்களைச் சொல்லலை. பொறந்த அன்னிக்கு என்ன நடந்தது?"

அவள் குழாயைக் கீழே போட்டாள். முகம் கொஞ்சம் மலர்ந்தது. "அதை ஏன் கேக்கறீங்க! இந்தத் துள்ளுறது இருக்கே, நாங்க ஓடி வர்றதுக்குள்ள தானே வந்து விழுந்து எந்திரிச்சு நிக்குது. அடுத்தது மாட்டிக்கிச்சு. கைராசி வந்துதான் இழுத்தாரு. நனைஞ்ச சாக்கு மாதிரி வந்து விழுந்துச்சு. மூச்சே இல்லை. செத்துப் போச்சுன்னு நான் அழ ஆரம்பிச்சுட்டேன்."

"அப்புறம்?"

"அவரு விடலையே! மூக்கைத் துடைச்சாரு. அப்படியே மண்டி போட்டு..." அவளே ஈரத் தரையில் மண்டியிட்டாள். இரண்டு கையையும் குவித்து, குனிந்து, வாயை வைத்துக் காட்டினாள். "மூக்குல வாயை வெச்சு ஊதினாரு பாருங்க, ஊதினாரு, ஊதினாரு, தன் மூச்சையெல்லாம் அதுக்குக் கொடுத்துட்டாரு. கடைசியில அவரு மூஞ்சியிலயே ஒரு தும்மல் போட்டுச்சு. நாங்க எல்லாம் கைதட்டினோம்."

சோடா சிரித்தான். "எங்க மாமாவுக்குக் கூச்சமே கிடையாது மேடம். எங்க அக்காவுக்குக் கொடுத்த முத்தத்தைவிட மாடுங்களுக்குக் கொடுத்ததுதான்..."

மேடத்தின் முகத்தைப் பார்த்து அவன் நிறுத்தினான். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மற்ற நான்கு கொட்டகைகளுக்கும் வரிசையாகப் போன் போட்டார். நான்கு பேரிடமும் ஒரே கேள்விதான்.

"உங்க கன்னு பொறந்தப்ப மூச்சு இருந்துதா?"

இல்லை. இல்லை. இல்லைங்க, கைராசிதான் ஊதி எழுப்பினாரு. இல்லை மேடம், சாமி மாதிரி வந்து காப்பாத்தினாரு.

ஊரில் பாதிக் கன்றுகளை வெளியே எடுத்தவர் என்பதால் அவரை யாரும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர் கைபட்ட நூறு கன்று நன்றாகத் துள்ளிக்கொண்டிருந்தது. வாய்பட்டவற்றை மட்டும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

மேடம் ஐந்தாவதாக ஆராய்ச்சி நிலையத்தைக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, உங்க வாசல்ல ஒரு அம்புக்குறி இருக்கு. அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்க."

"புரியலையே மேடம்?"

"கன்னுங்க கிட்ட இருக்கறது மாட்டுல வர்ற காசநோயா, மனுஷனுக்கு வர்றதா?"

அந்தப் பக்கம் தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "நாங்க பார்க்கலை. மாட்டுல இருந்தா மாட்டோடதுன்னுதான்... இத்தனை வருஷமா எந்த மாடு எந்த ஆளுக்குக் கொடுத்துதுன்னு மட்டும்தான் கேட்டுக்கிட்டு இருந்தோம். ரெண்டு மணி நேரம் கொடுங்க. கிருமியை வளர்த்துதான் வெச்சிருக்கோம்."

*

காரில் காத்திருந்தார்கள். சோடா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"வைக்கோல் தூசுன்னுதான் சொன்னாரு," என்றான் கடைசியில். "நானும் கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்தேன். பார்க்கப் போனா ஒண்ணரை வருஷமா இருமுறாரு மேடம்."

"மருந்து சாப்பிட்டா சரியாகற வியாதிதான்டா. மனசை விடாதே."

போன் வந்தது. மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"மனுஷங்க வகைதான் மேடம்," என்றார் டாக்டரம்மா. "நீங்க சொன்னது சரி. அஞ்சுலயும் ஒரே கிருமி. இது மாட்டுலேருந்து மாட்டுக்குப் பெரும்பாலும் தாவாது, அதனால மத்த மாடுங்களை அழிக்க வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். லாரி வராது. அந்த அஞ்சு கன்னுங்களை மட்டும் அழிச்சாகணும்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "ஆனா இந்தக் கிருமி எந்த மருந்துக்கும் மசியலை. வளர்த்தப்பவே இருக்கற எல்லாத்தையும் போட்டுப் பார்த்திருந்தோம். அவரை உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. அப்புறம் இன்னொண்ணு கேளுங்க. இந்த மாதிரி வேற யாருக்காவது, வேற எதுக்காவது ஊதினாரான்னு."

சோடாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அங்கே மருந்து பாட்டில் இருந்தது.

"மேடம்," என்றான். "அன்னிக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளேயே பொறந்துட்டா. அழவே இல்லை. நீலமா இருந்தா. அக்கா கத்துறா, எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. மாமாதான் பின் சீட்ல மண்டி போட்டு..."

மேடம் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார். அங்கே வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"புதுசு புதுசா மருந்து வருதுடா," என்றார்.

"டாக்டரம்மா அழறாங்க மேடம். மருந்து இருந்தா அவங்க ஏன் அழறாங்க?"

மேடம் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். "வீட்டுக்கு விடு," என்றார்.

*

முற்றத்தில் மாமா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். குட்டி அவர் மடியில், அவர் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் கண் மட்டும் பளபளவென்று இருந்தது. மாமாவைப் பார்த்தால் அவளுக்கு அந்தக் காய்ச்சலிலும் சிரிப்பு. கொஞ்சம் தள்ளி அக்கா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம்! யாருன்னு தெரிஞ்சுதா?"

"லாரி வராது," என்றார் மேடம். "மத்த மாடுங்க தப்பிச்சுது."

மாமாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் சோடா தலையைக் குனிந்துகொண்டான். மாமா குட்டியின் உச்சந்தலையில் அழுத்தி முத்தம் கொடுத்தார். "கேட்டியாடி? தப்பிச்சுதாம்! சோடா, உங்க மேடம் மனுஷியே இல்லைடா, தெய்வம். சொல்லுங்க மேடம், எந்தப் படுபாவி அவன்?"

மேடம் எத்தனையோ கொலைகாரர்கள் முகத்துக்கு நேராக விரலை நீட்டியவர். இன்றைக்கு நிற்கிற இடத்திலேயே நின்றார்.

"ஒரு கேள்வி கேக்கணும். பொறந்தப்ப மூச்சில்லாம இருந்த எந்தெந்தக் கன்னுக்கு நீங்க ஊதியிருக்கீங்க?"

"அதுவா?" மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. குட்டியின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி விரல் விட்டு எண்ணினார். "இரட்டையில ரெண்டாவது. தையக்காரர் வீட்டுச் செவலை. பாலத்தாண்டி இருக்கற கொட்டகையில ஒண்ணு. அப்புறம் அந்தக் கறுப்பு. அது ரொம்பப் படுத்திருச்சு. கடைசியா மில்காரர் வீட்டுது. எல்லாம் ஒண்ணரை வருஷத்துக்குள்ள. எல்லாமே பொழைச்சுது மேடம், ஒண்ணைக்கூட நான் விடலை. அஞ்சு."

கொடிப் பக்கமிருந்து அக்கா சிரித்தாள். "நல்ல அப்பா போங்க! சொந்தப் பொண்ணை விட்டுட்டீங்களே. அவளையும் சேர்த்து ஆறு."

மாமாவும் சிரித்தார். இன்னொரு கையின் கட்டைவிரலை நீட்டினார். நீட்டிய விரலோடு மேடத்தைப் பார்த்தார். மேடம் அசையவில்லை. பிறகு மச்சினனைப் பார்த்தார். எதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கிறவன், மருந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்த அஞ்சும்தானேடா..." என்று மாமா ஆரம்பித்தார். கட்டைவிரல் மெல்ல மடங்கியது.

இருமல் வந்தது. அவர் குட்டியின் வாயிலிருந்து துண்டைப் பிடுங்கினார், தன் வாயில் அடைத்துக்கொண்டார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். தோள் இரண்டும் குலுங்கின. ஆனால் இருமல் வெளியே வரவில்லை. அவர் விடவில்லை. குட்டி இதை விளையாட்டு என்று நினைத்து, எட்டி எட்டி அந்தத் துண்டை இழுக்கப் பார்த்தாள்.

"பிள்ளையை வாங்கிக்கோ," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "சீக்கிரம் வாங்கிக்கோடா."

சோடா வாங்கினான். கையில் கனமே இல்லை, சூடு மட்டும்தான் இருந்தது. அப்பாவிடம் போக வேண்டும் என்று அவள் இரண்டு கையையும் நீட்டி வீறிட்டாள்.

அக்கா ஈரத் துணியைக் கொடியில் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். "என்னங்க ஆச்சு? அவ உங்களைத்தானே கூப்பிடுறா, ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? டேய், நீயாவது சொல்லேன்டா."

மாமா மூச்சை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.